இறந்தவனின் விலாசத்துக்கு ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வாரமலர் சினிமாப் பக்கத்தில் சென்னை நடிகர்களின் சம்பளக் கணக்கைத்தான் எப்போதும் வாசிக்கிறோம். ஒரு கிழமையாவது இவாய் ஷுன்ஜியின் 'லவ் லெட்டர்' (1995) என்ற யப்பானியப் படத்தைப் பற்றி எழுதுங்களேன். உப்புவெளியில் மகள் வீட்டில் பார்த்தேன்.

மலையேறப்போய் இறந்த காதலனின் பழைய விலாசத்துக்கு, கோபே நகரிலிருந்து ஹிரோகோ கடிதம் போடுகிறாள். ஒட்டாருவிலிருந்து பதில் வருகிறது! எழுதியவள் அவனோடு படித்த, அதே பெயர்கொண்ட பெண். இருவராகவும் நடித்தவர் 2024 டிசம்பரில் காலமான மிஹோ நகாயாமா.

நான் பாடசாலை நூலகத்தில் வேலை பார்த்தவன். அதனால் என்னைப் பிடித்துக்கொண்டது நூலக அட்டைகள்தான். யாருமே எடுக்காத புத்தகங்களாகத் தேடி எடுத்து, பாடசாலைப் பையனாக இருந்த அந்தக் காதலன் அட்டைகளில் பெயரை எழுதிக்கொண்டே போகிறான். அது தன் பெயரா, அவள் பெயரா? எங்களிடமும் வாசிக்காமலே புத்தகம் எடுக்கும் பையன்கள் இருந்தார்கள். காரணம் கேட்க மாட்டேன், முகத்திலேயே தெரியும்.

யுத்தத்திலும் சுனாமியிலும் ஆட்களை இழந்த வீடுகள் இங்கே நிறைய. படத்தில் பெரிய ஒப்பாரி இல்லை. ஹிரோகோ பனிமலையைப் பார்த்து "சுகமா இருக்கிறீங்களா?" என்று கத்துகிறாள், அவ்வளவுதான். என் மனைவி எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

சரி, தமிழ் உபதலைப்போடு இதைத் திருகோணமலையில் யாராவது திரையிட்டால், கதிரை அடுக்க நான் வருகிறேன்.

ஓய்வுபெற்ற நூலகர்,
உவர்மலை, திருகோணமலை.