லால்பாக் சந்தில் ஒரு மீன் கடை

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. மும்பையில், மாட்டுங்காவில் சித்தி வீட்டில் சுகமாக இருக்கிறேன். இங்கே இட்லிக்கும் ரசத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் சித்தி வீட்டில் மீன் வாங்குவதில்லை. தூத்துக்குடிக்காரி எத்தனை நாள் தாங்குவேன், சொல்லு!

அதனால் நேற்று ஸ்லோ ட்ரெயின் ஏறி, கரி ரோட்டில் இறங்கி, லால்பாக் பக்கம் நடந்தேன். உயர உயரமான புதுக் கட்டடங்களுக்கு நடுவே பழைய பஞ்சாலைப் புகைபோக்கி ஒன்று நிற்கிறது. அதைத் தாண்டி ஒரு சந்தில் மீன் பொரிக்கிற வாசனை வந்தது. நாலைந்து மேசை போட்ட சின்னக் கடை. எழுதிப் போட்டிருந்த பலகை எனக்குப் படிக்க வரவில்லை. பக்கத்து மேசைக்காரரின் தட்டைக் காட்டி, அதையே கேட்டேன்.

வந்தது பொம்பில். நம் ஊர் ஏலக்கூடத்தில் நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் கோத்த, கொழகொழவென்ற மீன். அதைப் பிளந்து, மேலே பாரம் வைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, மசாலா தடவி, ரவையில் புரட்டிப் பொரிக்கிறார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். நடுமுள்ளும் மெத்தென்றிருப்பதால் அப்படியே சாப்பிடலாம். கூட அரிசி மாவில் தட்டிய பாக்ரி என்ற ரொட்டி, தேங்காய் அரைத்த அயிலைக் குழம்பு. கடைசியில் சோல்கடி. நம் குடம்புளிக்குத் தங்கை முறையான கோகம் புளியைத் தேங்காய்ப் பாலில் கலந்து, பூண்டும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டது. இளஞ்சிவப்பாக இருக்கும். அதைக் குடித்த பிறகு வயிறு அவ்வளவு இதமாக இருந்தது.

கடைக்கார அம்மா ஆற அமர உட்கார்ந்து பேசினார். அவருடைய மாமியார் மில் தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டவராம். ரத்னகிரி, மால்வண் பக்கமிருந்து குடும்பத்தை விட்டுவிட்டு வந்த ஆண்கள், ஒரே அறையில் பலர் முறை வைத்துப் படுத்துக்கொண்டு, மாதக் கணக்கில் பணம் கொடுத்து இந்தப் பெண்கள் கையால் சாப்பிட்டிருக்கிறார்கள். இப்படி மாதக் கணக்கில் சாப்பாடு போடும் இடத்தைக் ‘காணாவள்’ என்பார்கள். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின. சாப்பிட வந்தவர்களும் ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். இந்த வீட்டு அடுப்பு மட்டும் கடையாகி நிற்கிறது.

இதையெல்லாம் கேட்கக் கேட்க உன் நினைவுதான் எனக்கு. ஹாம்பர்க்கில் வேலை முடிந்து வந்து ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுப்பதாகச் சொன்னாயே, அது எனக்குத் தாங்கவில்லை. உன் ஊரும் துறைமுகம்தானே. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றங்கரையில் மீன் சந்தை கூடுமாமே, எழுந்து போய்ப் பார். உன் தெருவிலேயே மதியம் யார் எங்கே சாப்பிடப் போகிறார்கள் என்று கவனி. மொழி வராவிட்டால் என்ன, கையைக் காட்டிக் கேள். சூடாகச் சாப்பிடு, யாராவது பரிமாறிச் சாப்பிடு.

அப்புறம், லால்பாக்கிலேயே மால்வணி மசாலா அரைத்து வாங்கி வைத்திருக்கிறேன். உன் ஊருக்கு அனுப்ப முடியுமா என்று தபாலாபீசில் சித்தப்பா விசாரிக்கிறார். உன் வீட்டு விலாசத்தை ஒருமுறை சரியாக எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா