சின்னவள் பிறவியிலேயே சாதுவா?

அன்புள்ள தங்கைக்கு,

"ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான் வளர்க்கிறேன், சின்னவள் மட்டும் எப்படி இவ்வளவு சாது? பெரியவனிடம் நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று நேற்று போனில் கேட்டாய். அந்தக் கேள்வி எனக்கு மனதை என்னவோ செய்தது.

நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி, 1956-இல் நியூயார்க்கில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தையிலிருந்தே கவனிக்கத் தொடங்கினார்கள். பிள்ளை எப்படி இருந்தாலும் தாயைக் கைகாட்டிய காலம் அது. அதை அவர்கள் ஏற்கவில்லை. பசி, தூக்கம், புது முகம், புது இடம் என்று ஒவ்வொன்றிலும் குழந்தைகள் நடந்துகொள்வதைப் பல வருடம் பதிவு செய்தார்கள். சுமார் 40 சதவீதம் எதற்கும் எளிதில் பழகிக்கொள்ளும் ரகம். 10 சதவீதம் படுத்தி எடுக்கும் ரகம். 15 சதவீதம் முதலில் ஒதுங்கி நின்று மெல்லச் சேரும் ரகம். மீதி எல்லாம் கலவை.

உன் பெரியவன் அந்த மூன்றாவது ரகம்தான். யார் வந்தாலும் உன் பின்னால் ஒளிந்துகொள்வான். கொஞ்ச நேரம் போனதும் பொம்மைக் காரை வந்தவர் காலடிக்கு உருட்டிவிடுவான். அவர் திருப்பி உருட்டினால் சரி, அப்புறம் அவன் வாயை மூட முடியாது! சின்னவளோ மடி மாறி மடி போனாலும் கண் விழிக்காமல் தூங்குகிறாள். ஒரே பெற்றோருக்குப் பிறந்தாலும் மரபணுக் கலவை ஆளுக்கு ஒரு விதமாகத்தானே அமைகிறது.

அதற்காக வளர்ப்பால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடாதே. பிள்ளையின் சுபாவத்தோடு வீடு ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம் என்று அந்தத் தம்பதியும் சொன்னார்கள். வந்தவர் முன்னால் அவனைப் பிடித்துத் தள்ளாமல், அவனாக வரட்டும் என்று நீ காத்திருக்கிறாயே, அது பெரிய விஷயம்.

உண்மையில் எனக்குக் கவலை சின்னவளைப் பற்றித்தான். அழாத பிள்ளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அண்ணன் பொம்மையைப் பிடுங்கினால் பேசாமல் வேறொன்றை எடுத்துக்கொள்கிறாள், எல்லோரும் "என்ன பொறுமை!" என்கிறார்கள். அவளுக்கும் அதே பொம்மைமேல் ஆசை இருந்திருக்கலாம். அடுத்த தடவை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு அது வேணுமா?" என்று கேள். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வாள், அவசரப்படுத்தாதே.

அன்புடன்,
அக்கா