வைட்டமின் டி மாத்திரையை நம்பி கொலனோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வைட்டமின் டி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ரத்தத்தில் வைட்டமின் டி போதிய அளவு இருப்பவர்களுக்குப் பெருங்குடலில் பாலிப்பும் (உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி) புற்றுநோயும் குறைவாக வருகின்றன என்று அதில் எழுதியிருந்தார்கள். சரிதான். ஆனால் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டால் பாலிப் வராமல் தடுக்கலாம் என்று முடித்திருந்தார்கள். அந்த முடிவுக்கு ஆதாரம் இல்லை. அதை நம்பி யாரும் கொலனோஸ்கோபியை, அதாவது குடலுக்குள் கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பார்க்கும் பரிசோதனையை, தள்ளிப்போட்டுவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

எண்டோஸ்கோபி பிரிவில் பல வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பாலிப் எடுத்தவர்களை, அதன் அளவையும் எண்ணிக்கையையும் பயாப்ஸி முடிவையும் பார்த்து, சில வருடங்கள் கழித்து மறுபடி வரச் சொல்வோம். தேதி கடந்தும் வராதவர்களுக்குப் போன் செய்வது என் வேலைகளில் ஒன்று. "டி மாத்திரை சாப்பிடுறேன் சிஸ்டர், அது இருந்தா திரும்ப வளராதாமே" என்று பதில் வரும்போது எனக்கு மனசு பதறும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் வெயில் குறைந்த பகுதிகளில் பெருங்குடல் புற்றுநோயால் இறப்பவர்கள் அதிகம் என்பதைக் கவனித்து, செட்ரிக் கார்லண்ட், ஃபிராங்க் கார்லண்ட் என்ற சகோதரர்கள் 1980-ல் வைட்டமின் டி காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். நல்ல யோசனைதான். பெருங்குடலின் உட்சுவர் செல்களில் வைட்டமின் டி வேலை செய்வதற்கான ஏற்பிகள் இருக்கின்றன. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் அது தாறுமாறான பெருக்கத்தை மட்டுப்படுத்துகிறது. 2018-ல், 17 நீண்டகால ஆய்வுகளிலிருந்து 5,706 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ரத்த அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் கூடும்போது பெண்களுக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வாய்ப்பு 19 சதவீதம் குறைவாக இருந்தது. ஆண்களுக்கு 7 சதவீதம்தான், அதுவும் புள்ளியியல் கணக்கில் நிச்சயத்தின் விளிம்பில் நிற்கிற எண்.

ஆனால் ரத்தத்தில் டி நிறைய இருப்பவர் யார் என்று பாருங்கள். வெளியே நடமாடுகிறவர், உடலை அசைத்து வேலை செய்கிறவர், பருமன் இல்லாதவர். வைட்டமின் டி கொழுப்பில் தங்கிவிடுவதால் பருமனானவர்களின் ரத்தத்தில் அது குறைவாகவே தெரியும். அதே பருமன் பாலிப் வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. அப்படியானால் காத்தது வைட்டமினா, நடையா? ரத்த அளவை மட்டும் வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. பாதிப் பேருக்கு வைட்டமின் மாத்திரையும் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். தங்கள் கட்டுரையில் விடுபட்டுப்போனது இதுதான். பாலிப் எடுக்கப்பட்ட 2,259 பேரை வைத்து ஆய்வாளர் ஜான் பேரன் குழு நடத்திய சோதனையின் முடிவு 2015-ல் வெளியானது. தினம் 1,000 யூனிட் வைட்டமின் டி, அல்லது 1,200 மில்லிகிராம் கால்சியம், அல்லது இரண்டும். மூன்று முதல் ஐந்து வருடம் கழித்துக் கொலனோஸ்கோபி செய்து பார்த்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் புதிதாக வந்த அடினோமாக்களில் (புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப் வகை) வித்தியாசமே இல்லை. வைட்டல் என்ற இன்னொரு பெரிய சோதனையில் 50 வயதைக் கடந்த ஆண்களும் 55-ஐக் கடந்த பெண்களுமாக 25,871 பேர். தினம் 2,000 யூனிட், ஐந்து வருடத்துக்கு மேல். அங்கேயும் பாலிப் குறையவில்லை. அதற்கு முன்பே, மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் 400 யூனிட்டும் கால்சியமும் ஏழு வருடம் கொடுத்துப் பார்த்ததில் பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை என்று 2006-லேயே அறிவித்துவிட்டார்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். 2015 சோதனையில் கடுமையான குறைபாடு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. எனவே அந்த முடிவை அவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. குறைபாடு இருப்பவர்கள் எலும்புக்காகவும் தசைக்காகவும் டாக்டர் சொன்ன அளவில் மாத்திரை சாப்பிடத்தான் வேண்டும். நான் மாத்திரைக்கு எதிரி இல்லை. ஆனால் டாக்டரைக் கேட்காமல் ஆண்டுக்கணக்கில் அதிக டோஸ் போட்டுக்கொண்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகத்தில் கல் உருவாகலாம். தினம் 4,000 யூனிட்டை மேல் வரம்பாக வைத்திருப்பது சும்மா இல்லை.

பாலிப் விஷயத்தில் பலன் உறுதியானது ஒன்று உண்டு. கண்டுபிடித்து எடுத்துவிடுவது. ஸ்கோப் வழியாகச் சுருக்குக் கம்பியை விட்டு, பாலிப்பின் அடியில் மாட்டி, தேவைப்பட்டால் மின்சாரம் பாய்ச்சி, அறுத்தெடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு மருந்தின் மயக்கத்தில் ஒன்றும் தெரியாது. எல்லா அடினோமாவும் புற்றுநோயாவதில்லை. ஆகிறவற்றுக்கும் பெரும்பாலும் பத்து வருடம் அல்லது அதற்கு மேல் ஆகும். நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம் அதுதான். அடினோமா எடுக்கப்பட்ட 2,602 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2012-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பொதுமக்களோடு ஒப்பிடும்போது பெருங்குடல் புற்றுநோய் மரணம் 53 சதவீதம் குறைந்திருந்தது. எந்தச் சத்து மாத்திரையும் இதற்கு அருகில்கூட வரவில்லை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பாலிப் ஆண்களுக்குத்தான் அதிகம், கொஞ்சம் முன்கூட்டியும் வருகிறது. அதனால் இது ஆண்கள் வியாதி என்று பல பெண்கள் நினைக்கிறார்கள். மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று தாங்களே முடிவு செய்துகொண்டு, வெட்கத்தில் வீட்டில்கூடச் சொல்லாமல் வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகும் ரத்தசோகை இருந்தால், இரும்புச்சத்து மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது, ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். குடலில் மெதுவாகக் கசிவது கண்ணுக்குத் தெரியாது. மேசையில் படுத்திருக்கும்போது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "இதைப் பார்க்கச் சொல்லி முன்னாடியே யாரும் சொல்லலையே" என்று அழுத அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலருக்கு அப்போது பாலிப் என்ற கட்டம் தாண்டியிருந்தது.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் இந்தச் சோதனை முடிவுகளையும் வெளியிடுங்கள். தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் எந்த வயதில் பரிசோதனையைத் தொடங்குவது என்பதையும் எழுதுங்கள். அமெரிக்காவில் 2021 முதல் 45 வயது என்று பரிந்துரைக்கிறார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து வருடம் முன்பே, எது முந்தியோ அப்போது பார்க்கச் சொல்கிறார்கள். கொலனோஸ்கோபிக்குப் பயப்படுகிறவர்கள், மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் எளிய பரிசோதனையில் தொடங்கலாம். ஆனால் அதில் ரத்தம் இருப்பதாக வந்தால் கொலனோஸ்கோபியைத் தவிர்க்கவே கூடாது.

அப்புறம், ஏற்கனவே பாலிப் எடுத்துக்கொண்ட வாசகர்களுக்கு: உங்கள் பழைய ரிப்போர்ட்டை எடுத்து, அடுத்து எப்போது வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள். தேதி கடந்திருந்தால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். தாமதமாக வந்ததற்காக எங்கள் பிரிவில் நாங்கள் யாரையும் திட்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எண்டோஸ்கோபி செவிலியர்