எடை பார்க்கும் நாளில் அரைமணி நேரம்: தருமபுரி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டத்தின் அங்கன்வாடிகளைக் கவனிக்கும் திட்ட அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் பாலக்கோடு வட்டத்துக்காரி. மூத்தவளுக்கு நான்கு வயது, சின்னவனுக்கு எட்டு மாதம். பட்டா, குடிநீர், சாலை என்று உங்கள் மேசைக்கு வரும் மனுக்களுக்கு நடுவே பாட்டைப் பற்றி ஒரு மனுவா என்று தோன்றலாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று இதைக் கொடுக்க எனக்கே கூச்சமாக இருந்தது. முன்னால் நிற்பவர் உதவித்தொகை நின்றுபோன கதையைச் சொல்லி அழுதுகொண்டிருப்பார், நான் போய்த் தாலாட்டைப் பற்றிப் பேசுவேனா? அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

கேட்பது சின்ன விஷயம். கைக்குழந்தைகளை மாதாமாதம் எடை பார்க்க அங்கன்வாடிக்குத் தூக்கி வருகிறோம். தராசில் வைக்கிறோம், பிள்ளை வீறிட்டு அழுகிறது, சத்துமாவு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறோம். அந்த நாளில் அரைமணி நேரம், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரும் சேர்ந்து பாட ஒரு ஏற்பாடு செய்யுங்கள்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மூத்தவள் பிறந்தபோது ஓசூரில் குடியிருந்தோம். கணவருக்கு அங்கே கம்பெனி வேலை. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள் என்று, ஏழு மாதப் பிள்ளையைக் கைக்குழந்தைகளுக்கான இசை வகுப்பு ஒன்றில் சேர்த்தேன். வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரம், மாதம் 2,000 ரூபாய். மூளை வளரும், பிற்காலத்தில் கணக்கு நன்றாக வரும் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். “ஏழு மாசப் புள்ளைக்கு என்ன கணக்கு?” என்று கேட்டார் கணவர். ஆனாலும் பணம் கட்டினார்.

உள்ளே நடந்தது இதுதான். வட்டமாகப் பாய் விரித்து அம்மாக்கள் உட்காருவோம். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பாட்டில் வைத்து வரவேற்பார்கள். தாளத்துக்கு ஏற்பப் பிள்ளையைத் தொடையில் வைத்துக் குதிக்க வைப்போம். பாட்டை நடுவில் சட்டென்று நிறுத்தி, பிள்ளையின் முகத்தைப் பார்ப்போம். அடுத்த அடி வரவில்லையே என்று அது கண்ணை அகல விரிக்கும், காலை உதைக்கும். மறுபடி பாடியதும் கெக்கலி கொட்டிச் சிரிக்கும். கிலுகிலுப்பை கொடுப்பார்கள், மெல்லிய துணியால் முகத்தை மூடித் திறப்பார்கள். மூன்றாவது வாரம் மாமியாரையும் அழைத்துப் போனேன். ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, படி இறங்கும்போது கேட்டார்: “இதுக்கா ரெண்டாயிரம் கட்டற? காலை நீட்டிப் போட்டு உம் புருசனை நான் ஆட்டுனது இதேதானே?”

அவர் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. அவருக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை? அவர் ஐந்து பிள்ளைகளை ஆட்டிய பாட்டில் ஒன்றுகூட எனக்கு முழுசாக வராது. எங்கள் தலைமுறைக்குக் கையில் போன் வந்துவிட்டது. பிள்ளை அழுதால் அதை நீட்டிவிடுகிறோம்.

வகுப்பு பிடித்திருந்தது, ஆனால் அந்த நோட்டீஸ் பொய். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. உங்களிடமும் யாராவது இதே கதையோடு வரக்கூடும், ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் ஒரு ஸ்பீக்கரும் பென்டிரைவும் விற்க. அந்தக் கதையின் வேர் 1993-இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு சின்னச் சோதனை. கல்லூரி மாணவர்கள் 36 பேர் மோட்சார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்டார்கள். கேட்டவுடன் காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது போன்ற கணக்குகளில் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். அதுவும் கால்மணி நேரத்தில் கரைந்துவிட்டது. அதில் ஒரு கைக்குழந்தைகூடக் கிடையாது. ஆனாலும் 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டார். பின்னாளில், 2013-இல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் நான்கு வயதுப் பிள்ளைகளைச் சில வாரம் இசை வகுப்புக்கு அனுப்பிச் சோதித்தபோது, அறிவுத் தேர்வுகளில் நம்பும்படியான முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. ஆகவே, பாட்டுப் பாடினால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் ஏறும் என்று நான் உங்களுக்கு ஆசை காட்டப் போவதில்லை.

அப்புறம் எதற்குப் பாட வேண்டும்?

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுதான் என்னை யோசிக்க வைத்தது. ஆறு மாதக் குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஆறு மாதம் வாரம் தவறாமல் வரவழைத்தார்கள். ஒரு பிரிவில் பெற்றோரே பிள்ளையோடு சேர்ந்து பாடி, தட்டி, ஆடினார்கள். இன்னொரு பிரிவில் பதிவு செய்த இசை பின்னணியில் ஓட, பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடினார்கள். ஒரு வயதில் பார்த்தால், பாடிய பிரிவுக் குழந்தைகள் டாட்டா காட்டுவது, வேண்டியதை நோக்கிக் கை நீட்டுவது போன்ற சைகைகளில் முந்தியிருந்தார்கள். சிரிப்பு அதிகம், புதிய விஷயத்தைக் கண்டு மிரள்வது குறைவு, அழுதாலும் சீக்கிரம் அடங்கினார்கள். இசை இரண்டு பக்கமும் இருந்தது. மடியும் குரலும்தான் ஒரு பக்கம் இல்லை. ஸ்பீக்கர் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மான்ட்ரியலில் இன்னொரு சோதனை, 2015-இல். குழந்தைகளுக்குத் தெரியாத துருக்கி மொழியில் பேச்சையும் பாட்டையும் கேட்க விட்டு, எவ்வளவு நேரத்தில் முகம் சுளித்து அழ ஆரம்பிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பேச்சுக்குச் சுமார் நான்கு நிமிடம் தாங்கினார்கள், பாட்டுக்குச் சுமார் ஒன்பது. ஐந்து நிமிடம்தானே என்று ஆண்கள் சொல்லலாம். எட்டு மாதப் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டுக் களி கிண்டுகிறவளிடம் கேட்டுப் பாருங்கள், அந்த ஐந்து நிமிடத்துக்கு என்ன விலை என்று.

தாளம் நாம் சொல்லிக் கொடுத்து வருவதில்லை என்பதும் ஆச்சரியம். பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கும்போது அவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள், ஹங்கேரியில், 2009-இல். ஓடிக்கொண்டிருக்கும் தாளத்தில் முதல் அடி மட்டும் விடுபட்டபோது, ஏதோ தவறிவிட்டது என்று அந்தச் சின்ன மூளை காட்டிக்கொடுத்தது. பாரதக் கூத்து நடக்கும் பதினெட்டு நாளும் களத்தின் ஓரத்தில் பாய் போட்டுப் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறோமே, மத்தளமும் முகவீணையும் விடிய விடிய ஒலிக்க, அந்தத் தூக்கத்துக்குள் என்ன நடக்கிறது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

நம் முன்னோர் இதையெல்லாம் ஆய்வு செய்யாமலே ஒரு பாடத்திட்டமாகவே வைத்திருந்தார்கள். பள்ளியில் மனப்பாடம் செய்த பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை நினைத்துப் பாருங்கள். ஐந்தாம் மாதத்தில் செங்கீரை: பிள்ளை கையையும் முழங்காலையும் ஊன்றித் தலை தூக்கி ஆடும். அடுத்து தால். தால் என்றால் நாக்கு, நாக்கை ஆட்டிப் பாடியதுதான் தாலாட்டு. ஒன்பதாம் மாதம் சப்பாணி, கை கொட்டுவது. கொஞ்சம் வளர்ந்ததும் சிறுபறை, அதாவது கையில் ஒரு சின்ன மேளத்தைக் கொடுத்துவிடுவது. ஓசூர் வகுப்பில் எனக்குக் கொடுத்த அட்டவணையும் கிட்டத்தட்ட இதே வரிசையில்தான் இருந்தது, ஆங்கிலத்தில்.

அங்கன்வாடிகளில் பாட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. முன்பருவக் கல்விக்கான பாடத்திட்டத்துக்கே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்றுதான் பெயர். மூத்தவள் மதியம் வீட்டுக்கு வந்தால் பாட்டோடுதான் வருகிறாள். ஆனால் அது நடந்து வந்து உட்காரும் பிள்ளைகளுக்கு. அரசு கலை கற்றுத்தரும் ஜவகர் சிறுவர் மன்றத்தில் சேர 5 வயது ஆக வேண்டும், அரசு இசைப்பள்ளியில் சேர 12 வயது. காது முழுசாகத் திறந்திருக்கும் அந்த முதல் இரண்டு வருடத்துக்கு எங்கள் அங்கன்வாடியில் நான் பார்ப்பது தராசும் மாவும் தடுப்பூசியும்தான். அவை வேண்டாதவை என்று யார் சொன்னார்கள்? கூட ஒரு பாட்டும் இருக்கட்டும் என்கிறேன்.

இந்த மாவட்டத்துக்கு இது கூடுதலாகத் தேவை என்பதற்கு என்னிடம் புள்ளிவிவரம் இல்லை, எங்கள் தெரு இருக்கிறது. பாதி வீட்டில் அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ போய்விட்டார்கள். பிள்ளை பாட்டியிடம். பாட்டிக்கு முழங்கால் வலி. பிள்ளை அடங்கி உட்கார ஒரே வழி போன். ஒரு வயதுவரை திரையே காட்டாதீர்கள், இரண்டு வயதுவரையும் அது நல்லதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லிவிட்டது. சரி, போனைப் பிடுங்கிவிட்டால் அந்தப் பாட்டி என்ன செய்வார்? பாடுவார். அவருக்குப் பாட்டு தெரியும். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் தெலுங்கு பேசும் வீடுகளும் கன்னடம் பேசும் வீடுகளும் நிறைய. அந்த அம்மாக்கள் அங்கன்வாடிக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள், தமிழ் தப்பாகிவிடுமோ என்று பயம். பாட்டில் அந்தப் பயம் இருக்காது. அவரவர் வீட்டு மொழியில் அவரவர் அவ்வா, அதாவது பாட்டி, பாடியதைப் பாடட்டும். சித்தேரியிலும் வத்தல்மலையிலும் இருப்பவர்கள் அவர்கள் பாட்டைப் பாடட்டும். மாவட்டம் முழுக்க ஒரே பாட்டுப் புத்தகம் அச்சடித்து அனுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து.

இன்னொரு விஷயம், எனக்கு முக்கியமானது. எங்கள் தெருவில் ஒரு பையன். இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. “அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்” என்றார்கள் வீட்டில். காட்டிய இடத்திலும் ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மூன்றரை வயதில்தான் காது பரிசோதனை நடந்தது. இரண்டு காதும் கேட்கவில்லை. அந்த ஒரு வருடத்தை அவன் அம்மா இன்னும் விரலில் எண்ணிக்கொண்டிருக்கிறாள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி, அதாவது உள்காதில் பொருத்திக் கேட்க வைக்கும் கருவி, பொருத்த ஆறு வயதுவரை வழி இருக்கிறது. ஆனால் மூளை பேச்சைப் பழகும் வயது அதற்கு வெகு முன்னாலேயே ஓட ஆரம்பித்துவிடுகிறது. பத்துப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, பின்னாலிருந்து ஒருவர் கிலுகிலுப்பையை ஆட்டும்போது ஒன்பது தலை திரும்பி ஒரு தலை திரும்பாவிட்டால், டீச்சர் கண்ணுக்கு அது தப்பாது. ஒருமுறை தப்பினாலும் அடுத்த மாதம் தப்பாது. பாட்டு பரிசோதனைக்கு மாற்று இல்லை. யாரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும்.

தொட்டில் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நம் மாவட்டத்தைப் பற்றி ஒரு நினைவு வரும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இங்கேயும் வந்தது. ஏன் வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வயதுப் பெண்கள் பலர் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தோம். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். பாய் அங்கன்வாடியிலேயே இருக்கிறது. காலி மருந்துக் குப்பிகளைக் கழுவிக் காயவைத்து, ஒன்றில் புளியங்கொட்டை, இன்னொன்றில் கேழ்வரகு, மற்றொன்றில் கூழாங்கல் போட்டால் மூன்று விதச் சத்தம் வரும். புளியங்கொட்டைக்கு நம் ஊரில் பஞ்சமா? மூடியை மட்டும் நன்றாக ஒட்டிவிட வேண்டும், திறந்தால் நேராக வாய்க்குத்தான் போகும். இரண்டு கொட்டாங்குச்சி, ஒரு ஜோடி ஜால்ரா. பம்பை மேளம் வேண்டாம். எனக்கும் பம்பைச் சத்தம் கேட்டால் கால் நிற்காது, ஆனால் மூடிய அறையில் கைக்குழந்தையின் காதுக்கு அது தாங்காது. பம்பைக்காரர் வரட்டும், வெறுங்கையால் தட்டிப் பாடட்டும். கூத்துக் கலைஞர்களும் அப்படியே. அரசு இசைப்பள்ளி மாணவர்களை முறை வைத்து அனுப்பினால், அவர்களுக்கும் அழும் பிள்ளைக்கு முன்னால் பாடிப் பழகிய மாதிரி இருக்கும். அதைவிடக் கடினமான சபை எங்கே இருக்கிறது? கர்ப்பிணிகளையும் உட்கார வையுங்கள். ஆறாம் மாதம் தாண்டினால் வயிற்றுக்குள் இருப்பதற்கும் அம்மாவின் குரல் கேட்க ஆரம்பித்துவிடும்.

இப்போது டீச்சர்களுக்காக ஒரு வேண்டுகோள். எங்கள் டீச்சர் ஏற்கெனவே பதிவேடுகளிலும் செயலியிலும் மூழ்கிக் கிடக்கிறார். சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தேர்தல் வேலை வேறு. ஆகவே இதற்கென்று புதிதாக ஒரு பதிவேடு வேண்டாம். பாடியதற்குச் சான்றாகப் புகைப்படம் ஏற்றச் சொல்லாதீர்கள். எத்தனை பேர் பாடினார்கள் என்று யாரும் கணக்குக் கேட்க வேண்டாம். டீச்சர் பாடத்தான் வேண்டும் என்றும் இல்லை. அந்த அரைமணி நேரம் அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கட்டும், ஊரிலிருக்கும் பாட்டிகள் பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் ஊரில் தொடங்க எங்களுக்கு உங்கள் உத்தரவு ஒரு வரி போதும். மாமியாரிடம் கேட்டுவிட்டேன். எடை பார்க்கும் நாளில் வந்து பாடத் தயார் என்கிறார், மூட்டு வலித்தாலும். இரண்டே நிபந்தனை: மைக் வைக்கக் கூடாது, யாரும் போனில் படம் பிடிக்கக் கூடாது.

இப்படிக்கு,
பாலக்கோடு வட்டத்திலிருந்து ஒரு தாய்