வணிகப் பக்கம் ஏன் மனதில் நிற்பதில்லை

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்பு மகள் கயல்விழிக்கு,

தினமும் வணிகப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தும் எதுவும் மனதில் தங்கவில்லை என்று வருத்தப்பட்டாய். உன் மேல் தப்பில்லைம்மா. மே மாதம் நம் துறைமுகத்தில் வஞ்சிரம் விலை ஏறிவிட்டது என்று பேப்பரில் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது என்று தெரிந்தால்தான் அந்த விலைக்கு அர்த்தம். கம்பெனிச் செய்திகளில் விட்டுப்போவது இந்தத் தடைக்காலம் மாதிரியான பின்னணிதான். ஒரு கம்பெனியின் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லும் புத்தகத்தில் அது கிடைக்கும்.

ராமலிங்க ராஜு தொடங்கிய ஹைதராபாத் ஐ.டி. கம்பெனி சத்யம் கம்ப்யூட்டர்ஸை எடுத்துக்கொள். 2008 செப்டம்பர் காலாண்டுக்கு வருமானம் 2,700 கோடி, செயல்பாட்டு லாபம், அதாவது தொழிலை நடத்தியதில் வந்த லாபம், 649 கோடி என்று காட்டினார்கள். பேப்பரில் அது நல்ல ரிசல்ட். டிசம்பர் 16-ல் ராஜு குடும்பத்தின் மேய்டாஸ் என்ற கட்டுமான, ரியல் எஸ்டேட் கம்பெனிகளை வாங்குவதாக அறிவித்தார்கள். முதலீட்டாளர்கள் கொதித்ததும் கைவிட்டார்கள். அது இன்னொரு நாள் செய்தி. 2009 ஜனவரி 7-ல் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதினார்: அந்தக் காலாண்டின் உண்மை வருமானம் 2,112 கோடி, லாபம் வெறும் 61 கோடி. ரொக்கமும் பேங்க் இருப்புமாகக் காட்டிய 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை. சேர்ந்ததாக எழுதிய 376 கோடி வட்டியும் பொய். மேய்டாஸ் பேரம், பொய்ச் சொத்து இருந்த இடத்தில் நிஜச் சொத்தை நிரப்பச் செய்த கடைசி முயற்சி என்று அதே கடிதத்தில் இருக்கிறது. இந்த மூன்று செய்தியையும் ஒரு புத்தகத்தில் ஒரே மூச்சில் படிக்கும்போது உடம்பே சிலிர்க்கும்.

ஆனால் புத்தகத்தை அப்படியே நம்பிவிடாதே. முடிவு தெரிந்தபிறகு எழுதுவதால், அறிகுறிகள் எல்லாம் அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்த மாதிரி இருக்கும். போர்டு ரூம் பேச்சு பெரும்பாலும் யாரோ ஞாபகத்திலிருந்து சொன்னது. எழுத்தாளரிடம் பேசியவர் நல்லவராகத் தெரிவதும் உண்டு. ஜெயித்தவர் கதையில், அதே வழியில் போய்த் தோற்றவர்கள் வரமாட்டார்கள்.

அதனால் படிக்கும்போது தேதியையும் தொகையையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள். அத்தியாயம் முடிந்ததும் அந்த வருட ஆண்டறிக்கையை இறக்கி, நிகர லாபத்தையும், பணம் வந்ததையும் போனதையும் காட்டும் பணப்புழக்க அறிக்கையில் செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. லாபம் ஏற ஏற ரொக்கம் மட்டும் இரண்டு மூன்று வருடமாக வரவில்லை என்றால், வாடிக்கையாளர் பாக்கி எவ்வளவு என்று பார். சத்யத்தில் இது மட்டும் போதாது, அங்கே ரொக்கமே பொய். பேங்கிடம் நேரடியாகக் கேட்டு இருப்பை உறுதிசெய்ய வேண்டியது தணிக்கையாளரின் வேலை. அந்த இடத்தில்தான் ஓட்டை விழுந்தது.

பேப்பரை நிறுத்த வேண்டாம், பத்து நிமிடம் போதும். நீ படித்த கம்பெனியோ அதன் போட்டிக் கம்பெனியோ வந்தால் மட்டும் நின்று படி.

பொங்கலுக்கு வரும்போது அந்த நோட்டை மறக்காமல் எடுத்து வா. ஆண்டறிக்கையின் கடைசியில் வரும் குறிப்புகளை உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா