குரல் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செய்தி வாசிப்பாளராக விரும்புவோர் குரலுக்கும் தோற்றத்துக்கும் படும் பாட்டில் பாதியையாவது டெலிப்ராம்ப்டருக்குக் கொடுக்கலாம். இந்தக் கருவியில், கேமரா லென்ஸுக்கு முன் சாய்வாக நிற்கும் கண்ணாடியில் வாசிக்க வேண்டிய எழுத்து ஓடும். அதை ஓட்டுபவர் வாசிப்பவரின் வேகத்தைப் பின்தொடர்கிறார். வாசிப்பவர் பதறி வேகம் கூட்டினால் எழுத்தும் வேகமெடுக்கும், பிறகு துரத்தல்தான். நிதானிக்க வேண்டியவர் வாசிப்பவரே.

மேசையில் இருக்கும் தாள்கள் அலங்காரத்துக்கு அல்ல. ஒவ்வொரு செய்தி முடிந்ததும் ஒரு தாளைத் தள்ளி வைத்தால்தான், ப்ராம்ப்டர் திடீரென நின்றால் விட்ட இடத்தில் தொடரலாம். அறியாத ஊர்ப்பெயர், ஆட்பெயர்களின் உச்சரிப்பை முன்கூட்டியே கேட்டுத் தாளில் குறிக்க வேண்டும். 1,25,000 போன்ற எண்களை எழுத்தால் எழுதிக்கொள்வது நல்லது. நேரலையில் சைபர்களை எண்ண நேரமிருக்காது.

மிகக் கடினமானது, பேசிக்கொண்டே காதில் வரும் தயாரிப்பாளரின் கட்டளையைக் கேட்பது. இதை வீட்டிலேயே பழகலாம். ஒரு காதில் வானொலிச் செய்தியை ஓடவிட்டு நாளிதழை உரக்கப் படியுங்கள். பிறகு வானொலி என்ன சொன்னது என்று எழுதிப் பாருங்கள். முதலில் இரண்டுமே குழறும்.

உடை விஷயம் சின்னதுதான்: நெருக்கமான கோடு போட்ட சட்டை திரையில் அலைபாயும், பின்னணிப் படம் சேர்ப்பதற்கான பச்சைத் திரைக்கு முன் பச்சை உடுத்தினால் உடம்பே மறையும்.

நேரடியாக வாசிப்பாளர் நாற்காலியைத் தேடாமல், முதலில் செய்திப் பிரிவில் எழுதும் வேலையில் சேருங்கள். முக்கியச் செய்தி வெடிக்கும்போது ப்ராம்ப்டரில் ஒரு வரியும் இருக்காது; அப்போது எழுதிப் பழகியதுதான் கைகொடுக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்