அந்த 15 குதிரைத்திறனுக்கு ஆதாரத் தாளைக் கேளுங்கள்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு வணக்கம்.

2022 ஜூனில் நீங்கள் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளைப் படித்திருக்கிறேன். அளந்து பார்க்கக்கூடிய எதை விளம்பரத்தில் சொன்னாலும் அதை மெய்ப்பிக்க ஆதாரம் இருக்க வேண்டும் என்கிறது அது. குதிரைத்திறன் அளக்கக்கூடியதுதானே? அப்புறம் ஏன் கார் இன்டேக் கிட் (எஞ்சினுக்குக் காற்று போகும் ஃபில்டரையும் குழாயையும் மாற்றும் சாமான்) விற்பவர்களிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை?

என் தம்பி பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறான். தீபாவளி போனஸில் 16,500 ரூபாய் கொடுத்து ஒரு கோன் ஃபில்டர் கிட் வாங்கி மாட்டினான். "15 குதிரைத்திறன் வரை கூடும்" என்று விளம்பரம். எங்கள் வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல். கம்பெனிக் கணக்கே சுமார் 82 குதிரைத்திறன்தான். தம்பி நம்பினான். அந்தச் சத்தமும் நம்ப வைத்தது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பானெட்டுக்குள்ளிருந்து ஓர் உறுமல் வரும். பிக்கப் கூடிவிட்ட மாதிரியே இருக்கும்.

ஏப்ரல் லீவில் அம்மாவையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு வால்பாறை கிளம்பினோம். ஆழியாறு தாண்டி மலை ஏறும்போது ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டி ஊர்ந்துகொண்டே போனோம். முன்பெல்லாம் இரண்டாவது கியரில் அலுங்காமல் ஏறிய வளைவுகளில் வண்டி திணறியது. "இழுக்க மாட்டேங்குதாட்ட இருக்குது கண்ணு, ஏசிய நிறுத்திப்போடு" என்றார் அம்மா. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் ஓரங்கட்டினோம். தம்பி ஸ்கேனரைச் செருகி ஃபோனில் பார்த்தான். வெளியே 34 டிகிரி. எஞ்சினுக்குள் போகிற காற்று 67 டிகிரி. பானெட்டைத் தூக்கினால், கோன் ஃபில்டர் எஞ்சினை ஒட்டி, அனல் அடிக்கிற இடத்தில் இருக்கிறது. சூடேறிய காற்று லேசாகிவிடும். இந்த வித்தியாசத்துக்கே அடர்த்தி நூற்றுக்குப் பத்துப் பங்கு குறையும். முன்பு இருந்த கம்பெனி ஃபில்டரின் கறுப்புப் பெட்டி கிரில் பக்கமிருந்து வெளிக்காற்றைக் குழாய் வழியாக எடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றித்தான் இதை மாட்டியிருக்கிறோம். தம்பி ஒன்றும் பேசவில்லை. குழந்தைகள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஊருக்கு வந்ததும் காசு கட்டி வண்டியை டைனோவில், அதாவது சக்கரத்துக்கு வந்து சேரும் குதிரைத்திறனை அளக்கும் கருவியில், ஏற்றினோம். அது கம்பெனி சொல்லும் எஞ்சின் கணக்கைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பழைய பெட்டியோடு மூன்று ஓட்டம்: சக்கரத்தில் 68.1, 67.6, 68.4. கிட்டோடு மூன்று ஓட்டம்: 68.9, 68.0, 68.3. சராசரியில் கூடியது அரைக் குதிரைத்திறன்கூட இல்லை. பழைய பெட்டியிலேயே ஓட்டத்துக்கு ஓட்டம் அதைவிட அதிகமாக மாறுகிறது. அதுவும் அனல் தங்காதபடி பானெட்டைத் திறந்து வைத்து, எதிரே பெரிய ஃபேனை ஓடவிட்டு எடுத்த கணக்கு.

விற்றவரிடம் போய்க் கேட்டோம். "வரை என்றுதானே போட்டிருக்கிறோம்" என்றார். ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) டியூனிங்கும் செய்தால்தான் முழுப் பலன் தெரியும், அதற்கு இன்னும் 25,000 ஆகும் என்றார். விளம்பரத்தில் இருக்கும் டைனோ வரைபடம் எந்த வண்டியுடையது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

நான் இன்டேக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கிற ஊர் எங்களுடையது. கேம், எக்ஸாஸ்ட், டியூனிங் எல்லாம் மாற்றிய ரேஸ் வண்டிக்கு அதற்கேற்ற இன்டேக் வேண்டும்தான். ஆனால் எங்களுடையது போன்ற வீட்டு வண்டியில், சுத்தமான கம்பெனி ஃபில்டர் காற்றைத் தடுப்பதே மிகக் கொஞ்சம். அந்தத் தடையை அடியோடு எடுத்துவிட்டாலும் ஒன்றிரண்டு குதிரைத்திறன் கிடைக்கலாம். மீதி எங்கிருந்து வரும்?

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். எண்ணைப் போடுகிறவர் சோதனைத் தாளையும் போட வேண்டும். எந்த வண்டி, எந்த டைனோ, காற்றின் வெப்பம் எவ்வளவு, மாற்றுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தாள் இல்லையென்றால் எண்ணை எடுத்துவிட வேண்டும்.

இந்த ஃபில்டரோடு முடிகிற கதையும் இல்லை இது. பெட்ரோல் குழாயில் மாட்டுகிற காந்தம், டேங்கில் போடுகிற மைலேஜ் மாத்திரை என்று எத்தனை விற்கிறார்கள்! காய்கறிக் கடைத் தராசுக்குக்கூட முத்திரை இல்லையென்றால் அபராதம் போடுகிறோம். உழைத்த காசை 16,500 ரூபாய் எண்ணி வாங்குகிற பொருளின் அளவை மட்டும் விற்பவர் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிடுவது எந்த நியாயம்?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க உங்களுக்கு அதிகாரம் தருகிறது. சோதித்துப் பார்க்கப் புனேயில் ஏஆர்ஏஐ என்ற வாகன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நம் ஒரகடத்திலும் அரசின் வாகன ஆய்வு மையம் இருக்கிறது.

எங்கள் டைனோ தாள்கள் ஆறும் பத்திரமாக இருக்கின்றன. கேட்டால் அனுப்பிவைக்கிறோம். விற்பவர்களிடமும் அதே மாதிரி தாளைக் கேட்கும்படி உங்களைப் பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஓர் அக்கா